நட்சத்திரம் போட்ட 412 வரிகள்: சின்ன ஆபீஸ் டேட்டாபேஸ்களின் கதை

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த "ம்ம்", "அதாவது" எல்லாத்தையும் வெட்டிட்டேன், ரெண்டு மூணு இடத்துல வரிசையை மாத்தியிருக்கேன். மத்தபடி நீங்க கேட்ட அதே கதைதான்.

போன வருஷம் நாமக்கல்ல இருந்து மாமா போன் பண்ணினார். அம்மாவோட தம்பி. அங்கே சின்னதா ஒரு லாரி ஆபீஸ் வெச்சிருக்கார். மூணு கம்ப்யூட்டர், நாலு ஸ்டாஃப், அவ்வளவுதான்.

"மாப்ளே, பழைய கம்ப்யூட்டர்ல இருந்த கணக்கை எடுக்க முடியுமா?"

"எவ்வளவு பழசு மாமா?"

"2001ல இருந்து வேணும்."

விஷயம் இதுதான். மாமாகிட்ட 2001 முதல் 2009 வரை ஓட்டின ஒரு டிரைவர் அண்ணன் இறந்துட்டார். அவர் ஓட்டின காலத்துல ஒவ்வொரு டிரிப்புக்கும் 50 ரூபாய் பிடிச்சு ஆபீஸ்லயே சேர்த்து வெக்கச் சொல்லியிருந்தாராம். 2009ல ஏதோ வாக்குவாதம், கோவிச்சுட்டுப் போயிட்டார். இப்போ அவர் வீட்டு அக்கா வந்து கேக்கிறாங்க: அந்தப் பணம் என்ன ஆச்சு? மாமாவுக்கு ஞாபகம் இல்லை. குடுத்திருக்கலாம், குடுக்காம விட்டிருக்கலாம். நோட்டு எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போயாச்சு. மிச்சம் இருந்தது பரண்ல கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும்தான்.

அந்த டிஸ்க்ல இருந்த ஒரு ஃபைலோட கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன். அதோட பின்னிணைப்பு டிபிஎஃப். சின்ன ஆபீஸ் சாஃப்ட்வேர் எழுதுற எல்லாரும் ஒருதடவையாவது யோசிக்க வேண்டிய கேள்வி இதுக்குள்ள இருக்கு: டேட்டாவை எந்த வடிவத்துல சேமிக்கிறது?

கால்பந்துப் பந்தயத்துல தொடங்கியது

கதை தொடங்குற இடம் கலிஃபோர்னியாவில் இருக்கிற ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி. நாசாவுக்காக விண்கலங்களைக் கட்டுற இடம். 1970களில் அங்கே ஜேபிஎல்டிஐஎஸ் என்று ஒரு தகவல் மேலாண்மை புரோகிராம் இருந்தது. ஜெப் லாங் என்பவர் பெரிய யூனிவாக் இயந்திரத்துக்காக ஃபோர்ட்ரானில் எழுதியது. அதே இடத்தில் வேலை பார்த்தவர் வெய்ன் ராட்லிஃப். ஆபீஸ்ல நடக்கிற அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்துல ஜெயிக்கணும், அதுக்கு அணிகளோட புள்ளிவிவரத்தை அலசணும். பேப்பர்ல முடியலை. வீட்டில் ஐஎம்எஸ்ஏஐ 8080 என்ற மைக்ரோகம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு, ஜேபிஎல்டிஐஎஸ் மாதிரியே ஒண்ணை அசெம்ப்ளி மொழியில் எழுத ஆரம்பித்தார். பெயர் வல்கன். 1979ல் 50 டாலர் விலை வெச்சு விளம்பரம் கொடுத்தார்.

தனி ஆளா விக்கிறது கஷ்டம், இல்லையா? 1980ல் ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற இரண்டு பேர் அதை வாங்கி விற்கும் உரிமையை எடுத்துக்கிட்டாங்க. பெயர் டிபேஸ் டூ என்று மாறியது. டிபேஸ் ஒன் என்று ஒண்ணு விற்பனைக்கு வந்ததே இல்லை. விலை 695 டாலர். கம்பெனி பெயர் ஆஷ்டன்-டேட். அதுல டேட் நிஜ ஆள், ஆஷ்டன் யாரும் கிடையாது.

டிபேஸ் டூ-ல ஒரு ஃபைலுக்கு 65,535 வரிகள், ஒரு வரிக்கு 32 ஃபீல்டுகள்தான் எல்லை. 1984ல் வந்த டிபேஸ் த்ரீ அந்த எல்லைகளைத் தளர்த்தியது. நாம இன்னிக்கு டிபிஎஃப் என்று சொல்ற வடிவம் அடிப்படையில் அந்த டிபேஸ் த்ரீ வடிவம்தான். மாமா ஆபீஸ்ல இருந்ததும் அதுவே. ஆனா அங்கே அதை எழுதினது டிபேஸ் இல்லை, ஃபாக்ஸ்ப்ரோ. ஒரு கம்பெனியோட ஃபைலை இன்னொரு கம்பெனியோட புரோகிராம் எப்படி எழுதுச்சு? அதுக்கு முன்னாடி ஃபைலைப் பிரிச்சுப் பார்த்துடுவோம்.

ஃபைலுக்குள்ள என்ன இருக்கு

டிபிஎஃப் ரொம்ப எளிமையான வடிவம். முதல் பைட் எந்த வகை ஃபைல் என்று சொல்லும். அடுத்த மூணு பைட், கடைசியா எழுதின வருஷம், மாசம், தேதி. அடுத்த நாலு பைட், மொத்தம் எத்தனை வரி. அதுக்கப்புறம் தலைப்பு எவ்வளவு நீளம், ஒரு வரி எவ்வளவு நீளம். பிறகு ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 32 பைட்டில் அதோட பெயர், வகை, அகலம். அப்புறம் நேரா டேட்டாதான்.

மாமாவோட டிரிப் ஃபைலில் 12 ஃபீல்டு, ஒரு வரிக்கு 180 பைட். தலைப்புக்கு 32, ஃபீல்டுகளுக்கு 384, முடிவுக் குறிக்கு 1, ஆகமொத்தம் 417 பைட். 5,000ஆவது வரி எங்கே இருக்கு? 4,999ஐ 180ஆல் பெருக்கி 417ஐக் கூட்டினா 900237ஆவது பைட். தேடவே வேண்டாம், நேரா அங்கே குதிக்கலாம். 64 கேபி மெமரி வெச்சிருந்த காலத்துல ஒரு வரியைத் தொட இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. இதுக்குக் குடுக்கிற விலை இடம். "ராஜா"ன்னு பேர் எழுதினாலும் ஃபீல்டு 30 எழுத்து அகலம்னா மிச்சத்தை வெற்றிடம் போட்டு நிரப்பணும்.

ஆனா "இந்த டிரைவர் ஓட்டின டிரிப் எல்லாம் காட்டு"ன்னு கேட்டா குதிக்க முடியாது. இண்டெக்ஸ் இல்லாட்டி முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கணும். மாமா ஃபைலில் சுமார் 61,000 வரி, கிட்டத்தட்ட 11 எம்பி. இன்னிக்கு அது ஒரு போட்டோ சைஸ். ஆனா அப்போ ஃபைல் ஒரு கம்ப்யூட்டர்ல, கேக்கிறவர் இன்னொரு கம்ப்யூட்டர்ல, நடுவில் 10 மெகாபிட் கேபிள். ஒரு கேள்விக்கு 11 எம்பியும் அந்தக் கேபிள் வழியா வரணும். கணக்குப்படியே 9 செகண்ட். மூணு பேர் ஒரே நேரத்துல கேட்டா அரை நிமிஷம்.

சின்ன ஆபீஸ் டேட்டாபேஸ் மெதுவா இருக்குன்னா முக்கால்வாசி நேரம் காரணம் இதுதான். ஃபைல் சர்வர்ல யோசிக்கிற ஆள் யாரும் இல்லை. அது வெறும் அலமாரி. யோசிக்கிற வேலை எல்லாம் கேக்கிறவர் கம்ப்யூட்டர்ல நடக்கும், அதனால அலமாரியையே தூக்கிட்டு வரணும்.

இண்டெக்ஸ் இருந்தா கதை வேற. ஒரு பிளாக்குக்குள்ள சுமார் 30 சாவி இருக்குன்னு வெச்சுக்குவோம். மூணு படி இறங்கினா 27,000 வரியில் ஒண்ணு, நாலு படி இறங்கினா 8 லட்சத்து 10 ஆயிரத்தில் ஒண்ணு. அதாவது 61,000 வரிக்கு நாலு சின்ன பிளாக் படிச்சா போதும். 1991ல் வந்த ஃபாக்ஸ்ப்ரோ 2.0 இதுல இன்னொரு படி மேலே போனது. பல நிபந்தனைகளை ஒண்ணா கேட்டாலும், முதல்ல இண்டெக்ஸ்களை மட்டும் வெச்சு எந்தெந்த வரி தேறும்னு கணக்குப் போட்டுட்டு, அப்புறம்தான் ஃபைலையே தொடும். அதுக்கு அவங்க வெச்ச பெயர் ரஷ்மோர். அந்த வேகத்துக்காகவே ஃபாக்ஸ்ப்ரோ பெயர் வாங்கியது.

இந்த மொழி யாருக்குச் சொந்தம்?

இப்போ விட்ட கேள்விக்கு வருவோம். டிபேஸ் நல்லா வித்ததும், அதே மொழியைப் புரிஞ்சுக்கிற, அதே ஃபைலைப் படிக்கிற புரோகிராம்கள் வந்தன. நான்டக்கெட் கம்பெனியோட கிளிப்பர், ஒஹாயோவில் இருந்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேரோட ஃபாக்ஸ்பேஸ். ரெண்டுமே அசலைவிட வேகம். 1988ல் ஆஷ்டன்-டேட் வெளியிட்ட டிபேஸ் ஃபோர்ல ஏகப்பட்ட பிழைகள். அதே வருஷம் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் மேல அவங்க காப்புரிமை வழக்கும் போட்டாங்க.

1990 டிசம்பர்ல தீர்ப்பு. நீதிபதி டெரி ஹேட்டர், ஆஷ்டன்-டேட்டோட காப்புரிமையே செல்லாதுன்னு சொல்லிட்டார். காரணம் என்ன தெரியுமா? டிபேஸ், ஜேபிஎல்டிஐஎஸ்ல இருந்து வந்தது என்பதைப் பதிவு செய்யும்போது அவங்க சொல்லவே இல்லை. கால்பந்துப் பந்தயத்துக்காக வீட்டில் எழுதின கதை பத்து வருஷம் கழிச்சு கோர்ட்ல வந்து நின்னுச்சு.

1991 ஏப்ரல்ல அதே நீதிபதி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார். ஆனா அதுக்குள்ள நிலைமை மாறிடுச்சு. அந்த வருஷமே போர்லாண்ட் கம்பெனி ஆஷ்டன்-டேட்டை வாங்கியது. அமெரிக்க நீதித்துறை அதுக்கு ஒரு நிபந்தனை போட்டது: டிபேஸ் மொழிக்குக் காப்புரிமை கேட்டு யாரையும் இழுக்கக் கூடாது. அதோட வழக்கு முடிஞ்சது. 1992ல் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை வாங்கியது.

யோசிச்சுப் பாருங்க. டிபேஸை உருவாக்கின கம்பெனி போயிடுச்சு, ஃபாக்ஸ் கம்பெனி போயிடுச்சு, 2007ல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு அடுத்த பதிப்பு இல்லைன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிடுச்சு. ஆனா டிபிஎஃப் போகலை. வரைபடத் துறையில் இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஷேப்ஃபைலோட கூட வர்ற விவரப் பட்டியல் இன்னிக்கும் டிபிஎஃப்தான். அங்கே ஃபீல்டு பெயர் 10 எழுத்துக்கு மேல போகாதுன்னு எரிச்சல் படுறீங்களே, அது வெய்ன் ராட்லிஃப் காலத்துச் சிக்கனம்.

நான் செஞ்ச தப்பு

இனி என் பங்கு. காலேஜ் முடிச்ச புதுசுல மாமாவுக்கு நான் ஒரு புது சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தேன். "இன்னும் டாஸ் ஸ்கிரீனா மாமா?"ன்னு கிண்டல் பண்ணிட்டு, ஆக்சஸ் ஃபைலை வெச்சு எழுதினேன்.

ஆக்சஸ் 1992 நவம்பர்ல வந்தது. டேபிள், ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலுக்குள்ள. டிபிஎஃப் உலகத்துல டேட்டாவுக்கு ஒரு ஃபைல், இண்டெக்ஸுக்கு ஒண்ணு, நீளமான குறிப்புகளுக்கு இன்னொண்ணு. அதுல ஒண்ணை மட்டும் காப்பி பண்ண மறந்தா போச்சு. அந்த வகையில ஒரே ஃபைல் நல்ல முன்னேற்றம். உள்ளே டேட்டா பக்கம் பக்கமா இருக்கும், ஆக்சஸ் 2000ல இருந்து ஒரு பக்கம் 4 கேபி. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைச் சுட்டும், அது மூணாவதைச் சுட்டும்.

இங்கேதான் சூட்சுமம். டிபிஎஃப்ல ஒரு வரி கெட்டுப்போனா அந்த ஒரு வரிதான் போகும், மிச்சத்தை எண்ணி எடுத்துடலாம். பக்கங்கள் ஒண்ணையொண்ணு நம்பி நிக்கிற வடிவத்துல ஒரு பக்கம் பாதி எழுதி நின்னா மொத்த ஃபைலும் திறக்காம போகலாம். நானோ அந்த ஃபைலை ஷேர்டு ஃபோல்டர்ல போட்டு, மூணு கம்ப்யூட்டரையும் வைஃபையில இணைச்சு விட்டிருந்தேன். அப்படி வெக்கக் கூடாதுங்கிறது எனக்கு அப்போ தெரியாது. ஒரு மதியம் கரண்ட் போய் ரவுட்டர் அணைஞ்சது. மறுபடி திறந்தா, இது என்ன வடிவம்னே தெரியலைன்னு மெசேஜ். கடைசி பேக்கப் 9 நாள் பழசு. ஸ்டாஃப் எல்லாரும் உக்காந்து 9 நாள் எல்ஆரையும் கார்பன் காப்பியைப் பார்த்துத் திரும்ப அடிச்சாங்க. மாமா என்னைத் திட்டலை. அதுதான் இன்னும் வலிச்சது.

போர்க்கப்பல்ல பிறந்த நூலகம்

2000ஆம் வருஷம், ரிச்சர்ட் ஹிப் என்ற பொறியாளர் அமெரிக்கக் கடற்படையோட ஒரு போர்க்கப்பலுக்கு மென்பொருள் எழுதிக்கிட்டிருந்தார். கப்பல்ல அடி விழுந்து குழாய் உடைஞ்சா எந்த வால்வை மூடணும், எந்த வழியா தண்ணியைத் திருப்பணும்னு சொல்ற வேலை. அதுக்குப் பின்னாடி பெரிய டேட்டாபேஸ் சர்வர் ஒண்ணு. அந்த சர்வர் எழுந்திருக்கலைன்னா இவரோட புரோகிராம் "டேட்டாபேஸோட இணைய முடியலை"ன்னு சொல்லிட்டு நிக்கும். திட்டுறது இவரைத்தான். படிக்கப் போறது கொஞ்சூண்டு டேட்டா, அதுக்கு எதுக்கு ஒரு சர்வர், ஏன் நேரா டிஸ்க்ல இருந்து படிக்கக் கூடாதுன்னு அவருக்குத் தோணியது. அப்படிப் பிறந்ததுதான் எஸ்க்யூலைட். அந்த வருஷம் ஆகஸ்ட்ல முதல் பதிப்பு வந்தது. இன்னிக்கு உங்க போன்ல இருக்கிற பல ஆப்கள் அதைத்தான் பயன்படுத்துது.

இதுவும் ஒரே ஃபைல், இதுவும் பக்கம் பக்கமாத்தான். ஆனா ஒரு பக்கத்தை மாத்துறதுக்கு முன்னாடி பழைய பக்கத்தைப் பக்கத்துல ஒரு ஜர்னல் ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். பாதியில கரண்ட் போனா, அடுத்த தடவை திறக்கும்போது அதைப் பார்த்துப் பழையபடி ஆக்கிக்கும். மூலக்குறிப்பு முழுக்கப் பொதுச்சொத்து. ஃபைல் வடிவம் பைட் பைட்டா எழுதி வெளியிடப்பட்டிருக்கு. ஆக்சஸ் வடிவத்துக்கு அப்படி முழு விளக்கம் வெளியாகலை, அதைத் திறக்கிற எம்டிபி டூல்ஸை எழுதினவங்க ஃபைலைக் குடைஞ்சுதான் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், தரவுத் தொகுப்புகளைக் காலம் கடந்து பாதுகாக்கப் பரிந்துரைக்கிற வடிவங்களில் எஸ்க்யூலைட்டும் ஒண்ணு.

ஆனா இதையும் கொண்டுபோய் ஷேர்டு ஃபோல்டர்ல போட்டா அதே கதைதான். நெட்வொர்க் ஃபோல்டர்கள்ல பூட்டு ஒழுங்கா வேலை செய்யும்னு நம்ப முடியாதுன்னு அவங்க ஆவணமே எச்சரிக்குது. இப்போ மாமா ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் ஃபைல் இருக்கு, பக்கத்துலயே ஒரு சின்ன சர்வர் புரோகிராம். மத்த ரெண்டும் பிரவுசர் வழியா கேள்வி கேக்கும், பதில் மட்டும் கேபிள்ல போகும். அலமாரியைத் தூக்கிட்டுப் போறது இல்லை.

மறுபடியும் பரண் டிஸ்க்

இப்போ அந்த அக்காவோட கணக்கு. டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டர்ல மாட்டினேன். நல்லவேளை, சுத்தியது. பழைய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமை என் லேப்டாப்ல ஓட்டவே முயற்சி பண்ணலை. பைத்தான்ல 40 வரி எழுதி, தலைப்பைப் படிச்சு, வரிகளை எடுத்தேன். எஸ்க்யூலைட்டுக்கு மாத்தும்போது ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா கமிட் போட்டுட்டேன். பழைய சுத்துற டிஸ்க்ல கமிட் ஒண்ணொண்ணும் தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கும், செகண்டுக்குச் சுமார் 60தான் தேறும். 61,000 வரிக்கு 17 நிமிஷம். டீ குடிச்சுட்டு வந்து, எல்லாத்தையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள போட்டேன். சில செகண்ட்ல முடிஞ்சது.

டிரைவர் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்துல இருந்தது. அது ஒரு அதிர்ஷ்டம். பாமினி மாதிரி ஃபான்ட்ல தமிழ் அடிச்சிருந்தா, ஃபைலுக்குள்ள "அம்மா" இருக்காது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னுதான் இருக்கும். எந்த ஃபான்ட்னு ஃபைல்ல எங்கேயும் எழுதியிருக்காது. பெட்டி திறந்திருந்தாலும் உள்ளே இருக்கிற கடிதத்தைப் படிக்க முடியாத நிலைமை.

சரி, டிரைவர் அண்ணன் பெயரைத் தேடினேன். ஒரு வரி கூட இல்லை. மாமா முகம் சுருங்கிப்போச்சு. "2009ல கணக்கை முடிச்சு அழிச்சிருப்பாங்க மாப்ளே."

அப்போதான் ஞாபகம் வந்தது. டிபிஎஃப்ல ஒவ்வொரு வரிக்கும் முதல் பைட், நீக்கல் குறி. இருக்கிற வரின்னா வெற்றிடம், நீக்கின வரின்னா ஒரு நட்சத்திரம். நீக்கச் சொன்னா ஃபைல் வரியை அழிக்காது, நட்சத்திரம் மட்டும் போடும். ஒரு வரியை நிஜமா எடுக்கணும்னா பின்னாடி இருக்கிற எல்லா வரியையும் முன்னாடி நகர்த்தணும், அதுக்கு நேரமாகும். அதனால அந்த வேலையை பேக் என்ற தனிக் கட்டளைக்கு விட்டுட்டாங்க. பேக் ஓடணும்னா மத்த எல்லாரும் ஃபைலை மூடியிருக்கணும். மூணு கம்ப்யூட்டர் ஓடுற ஆபீஸ்ல யாரு எல்லாத்தையும் நிறுத்திட்டு அதைப் பண்ணுவாங்க? நான் எழுதின 40 வரி, நட்சத்திரம் போட்டதை எல்லாம் தாண்டிப் போயிருந்தது. அந்த ஒரு நிபந்தனையை எடுத்துட்டு மறுபடி ஓட்டினேன்.

412 வரி வந்தது. தேதி, ஊர், லாரி நம்பர், பிடித்தம் 50. எங்கேயும் திருப்பிக் குடுத்ததா ஒரு வரியும் இல்லை. மொத்தம் 20,600 ரூபாய்.

மாமா பிரிண்ட் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கமா பார்த்தார். "கணக்குன்னா கணக்குதான் மாப்ளே"ன்னு சொல்லிட்டு அன்னிக்குச் சாயங்காலமே அந்த அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தார். மேல எவ்வளவு சேர்த்துக் குடுத்தார்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அழிச்சதா நினைச்ச விவரம் அழியாம இருக்கிறது எல்லா நேரமும் நல்லது கிடையாது. நீங்க வித்த பழைய கம்ப்யூட்டர்ல யாரோட கணக்கோ நட்சத்திரத்தோட உக்காந்திருக்கலாம். எஸ்க்யூலைட்லயும் நீக்கின இடம் உடனே துடைபடாது, துடைக்கணும்னா அதுக்குத் தனியா அமைப்பு இருக்கு. அழிக்கணும்னா நிஜமா அழிங்க, வெக்கணும்னா தெரிஞ்சு வைங்க. மாமாவோட புது சாஃப்ட்வேர்ல இப்போ எந்த வரியும் அழியாது, "கணக்கு முடிந்தது"ன்னு தேதியோட ஒரு குறி விழும்.

வேகத்தைப் பத்தி நாம நிறைய சண்டை போடுவோம். சின்ன ஆபீஸுக்கு அந்தப் பிரச்சினை பெரும்பாலும் மூணு விஷயத்துல தீர்ந்துடும்: ஃபைல் எங்கே இருக்கு, இண்டெக்ஸ் இருக்கா, கமிட்டை எங்கே போடறோம். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது வேற கேள்வி. நீங்க எழுதின புரோகிராமும் ஓடலை, நீங்களும் அங்கே இல்லை, 20 வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் வந்து நிக்கிறாங்க. அவங்களால அந்த ஃபைலைத் திறக்க முடியுமா? அந்த நாமக்கல் ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமரை நான் பார்த்ததே இல்லை. அவர் எழுதி வெச்ச ஃபைலை என்னால திறக்க முடிஞ்சது.

உங்க வீட்லயோ ஆபீஸ்லயோ இப்படிப் பரண்ல ஒரு டிஸ்க் கிடந்தா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.